மூன்று தட்டு

குப்பையைக் கொட்டிவிட்டு வருவதற்குள் காற்றில் கதவு சாத்திக்கொண்டு, தானாகப் பூட்டிவிட்டது. படூர்ப் பக்கம் பூட்டு திறப்பவர்களில் பாதிப் பேர் திருடர்கள் என்பது என் அபிப்பிராயம். அதனால் போனில் ஐந்து பேரைப் பற்றிப் படித்து, நாலு பேரைக் கழித்து, கோவளம் திருவேங்கடத்தை வரவழைத்தேன்.

"முதல்ல ஆதாரைக் காட்டு" என்றேன். அழுக்குப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அவர் கருவி எதையும் எடுக்காமல் கதவை மூன்று முறை தட்டினார்.

"நான் தனியா இருக்கறவன்யா. எவன் வந்து திறப்பான்?"

"தட்டிட்டுத்தான் சார் பூட்டுல கை வெப்பேன். பழக்கம்."

கதவில் காதை வைத்துக் கேட்டவர் பையை மூடினார்.

"உள்ள ஆள் கீறாரு சார். தொறக்க வேணான்றாரு. அவரு வூடாம்."

இந்த ஆட்களின் தில்லுமுல்லு எனக்குத் தெரியாதா? "இது என் வீடுய்யா" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து என் குரல் சலிப்போடு சொன்னது: "முதல்ல அந்தாளை ஆதாரைக் காட்டச் சொல்லு."

என் பர்ஸ் உள்ளே மேசைமேல் இருந்தது.

திருவேங்கடம் போட்டோ எடுக்கத் தன் போனை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.