பதினோரு உருண்டைகள்

தோகுதாவின் சுஷி கடையில் எட்டுப் பேர்தான் உட்காரலாம். பக்கத்து ஆள் சாப்பிடும் லட்சணத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

அன்று என் பக்கத்தில் இருந்தவர் சுஷியின் மேலிருந்த மீனை மட்டும் நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டு, சோற்று உருண்டையைத் தட்டின் ஓரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தார். பதினோரு உருண்டைகள்.

"சோறு வேண்டாம்னா வெறும் மீனாவே கேக்கலாமே," என்றேன்.

"சர்க்கரை வியாதி, தம்பி. டாக்டர் சோத்தைத் தொடக்கூடாதுன்னுட்டார்," என்றவர், மூன்றாவது பீரும் சர்க்கரை போட்ட ஆம்லெட்டும் கேட்டார். எல்லாம் முடிந்ததும் விரலை நக்கி, ஏப்பம் விட்டு எழுந்து போனார்.

தட்டை எடுக்க வந்த தோகுதாவின் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். "என்னக்கா இது? போன மாசம் ரெண்டு உருண்டை மிச்சம் வச்சவனையே அண்ணன் வெரட்டி விட்டார். இந்த ஆளை மட்டும் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

கோபத்தோடு ஒரு சுஷியை எடுத்து வாயில் போட்டேன்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் அக்கா. "அவர்கிட்ட எப்படிச் சொல்றது? பன்னெண்டு வருஷமா நம்ம கடைக்கு அரிசி போடறவராச்சே."

மீனை மட்டும் தனியாக விழுங்க முடியுமா என்று நாக்கால் தேடினேன்.