துண்டுக்கு அடியில்

மகன் வராமல் வெள்ளைக்கார மருமகள் மட்டும் வந்து இறங்கி, அழுதபடி ஏதோ சொன்னாள். மாட்டுத் தரகர் நாச்சிமுத்துவுக்கு ‘கிவ்’, ‘டேக்’ எல்லாம் தெரியும். ஆனால் ஒவ்வொன்றின் வாலையும் ‘ஹிம்’, ‘அப்’, ‘அவே’ என்று ஏதாவதொரு பொடிச்சொல் பிடித்து முறுக்க, தெரிந்த மாடே முட்ட வந்தது.

“நம்ம பையன் இருக்கானா இல்லியான்னு கேளுங்கோ. ஊர்ப்பட்ட மாட்ட வித்த வாய்தானே!” என்றாள் மனைவி ராமாத்தாள்.

“வாயிலயாடி வித்தேன்?”

தோள்துண்டை எடுத்து மருமகளின் கைமேல் போட்டார். சந்தையில் பேசாமலே விரல் பிடித்து விலை கேட்பதுபோல், துண்டுக்கடியில் ஒற்றை விரலை நீட்டினார். ஒரே மகன்.

அவள் அந்த விரலை இறுகப் பற்றிக்கொண்டாள். பேரம் படியாவிட்டால் கையை உதறிவிடுவார்கள்; படிந்தால் விரலை விட்டுவிட்டுப் பணத்தை எண்ணுவார்கள். அவள் உதறவும் இல்லை, விடவும் இல்லை.