மூணாவது மூடுவிழா

"நிரந்தரமாத்தான் மூடியிருக்காங்க, யாரு இல்லேன்னா? இதோட மூணாவது தடவை நிரந்தரமா மூடுறாங்க"ன்னுச்சு கோவேறு கழுதை.

மலைமேல இருந்த அந்த நிலக்கரிச் சுரங்கத்து வாசல்ல மழைக்கு ஒதுங்கி, தண்டவாளத்துக்கு நடுவுலயே குட்டி போட்டிருந்த வெள்ளாடு, குட்டிகளை நக்குறதை விட்டுட்டு நிமிந்து பாத்துச்சு.

"அண்ணே, மேஸ்திரி குருபாதம் உங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதாரே! 'இனி நீ மேஞ்சுக்கிட்டுக் கிட'ன்னு வெல்லம்கூடக் குடுத்தாரே!"

"மூணு தடவையும் அழுதாரு. கரி விலை இறங்குனா அழுவாரு, ஏறுனா கூப்பிடுவாரு. நல்ல மனுசன். ஆனா என் காலுல இருக்குற லாடத்தை மட்டும் ஒரு தடவையும் கழட்டல."

"திரும்பக் கூப்பிட்டாருன்னா?"

கழுதை தலையை உதறுச்சு. "போகவே மாட்டேன். இருட்டுக்குள்ள கரிவண்டி இழுத்து இழுத்து என் நிறமே எனக்கு மறந்துபோச்சு. இந்தப் புல்லையும் வெயிலையும் விட்டுட்டு எவன் போவான்? நீ குட்டிகளை நிம்மதியாத் தூங்கவை, தங்கச்சி."

ஆட்டுக்கு அப்பத்தான் உயிரே வந்துச்சு. வண்டி இழுக்க ஆளில்லாம சுரங்கம் எப்படி ஓடும்?

மலைப்பாதையில கீழேருந்து சங்கிலி குலுங்குற சத்தம் கேட்டுச்சு. "டேய் ராசா! வாடா!"ன்னு மேஸ்திரி குரல்.

ஏன்னு கழுதைக்கே தெரியல, காது ரெண்டும் தானா நிமிந்துச்சு. வாயில இருந்த புல்லைக்கூட மெல்லாம நடக்க ஆரம்பிச்சுச்சு.

"அண்ணே, போக மாட்டேன்னீங்களே!"

"யாரு போறா? என்னன்னு கேட்டுட்டு வரேன்." திரும்பிப் பாக்காமலே சொல்லுச்சு. "நீ எதுக்கும் குட்டிகளைத் தண்டவாளத்தை விட்டுத் தள்ளிப் படுக்கவை."