துரை கொடுத்த ஸ்பூன்

"1920ல வெள்ளக்காரத் துரை தன் கையாலயே எங்க தாத்தாவுக்குக் குடுத்த வெள்ளி ஸ்பூனுங்க இது. கல்வராயன் மலையில புலிகிட்டேருந்து துரைய அவருதான் காப்பாத்தினாரு. மறு வருஷமே துரை கப்பலேறிட்டாரு" என்றார் மாயவன்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கேசரியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மாயவனுக்கு வாய் அடங்காது. மாப்பிள்ளை வெற்றிவேலின் அப்பா சின்னதுரை உளுந்தூர்பேட்டையில் பழைய வெள்ளி வாங்கி விற்பவர். அவரிடம் போய் இந்தக் கதை.

சின்னதுரை தட்டைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து ஸ்பூனின் காம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"நடக்குற சிங்கம். அப்ப அசல் வெள்ளி. நங்கூரம் போட்டிருக்குது, பர்மிங்காம்ல முத்திரை அடிச்சது."

மாயவன் தன் மனைவி நிர்மலாவைப் பெருமையாகப் பார்த்தார்.

"அதுக்குப் பக்கத்துல ஒரு எழுத்து போடுவாங்க. அதுதான் வருஷக் கணக்கு. இது 1936ங்க."

கதவோரம் நின்ற மகள் தமிழ்ப்ரியாவுக்கு அழுகை முட்டியது. வெற்றிவேலை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஏற்கெனவே இரண்டு வரன்கள் அப்பாவின் வாயால்தான் தட்டிப்போயிருந்தன.

"1936ல செஞ்ச ஸ்பூன, 1921லயே கப்பலேறின துரை எப்பிடிங்க குடுத்தாரு?"

மாயவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நிர்மலாவுக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையச் சொல்லிடறேன் அண்ணே. புலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவுரு தாத்தா மல பங்களாவுல சமையல் வேல பாத்தாரு. வர்றப்ப இடுப்புல சொருவிக்கினு வந்துட்டாரு. அதுக்காக எம்பொண்ண வாணாம்னு சொல்லிடாதீங்க."



மானம் போன மாயவன் லென்ஸை வாங்கித் தானே பார்த்தார். சிங்கம் தெரிந்தது. நங்கூரம் தெரிந்தது. எழுத்து இருந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் நிர்மலா விபூதி போட்டுத் தேய்த்ததில் சுத்தமாக அழிந்துபோயிருந்தது.

"இங்க எழுத்தே இல்லியே. இன்னாத்த வச்சிங்க 1936ன்னு சொன்னீங்க?"

சின்னதுரை மகனை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எங்க தாத்தா அதே பங்களாவுல காவல்காரருங்க. எங்க வூட்ல இருக்குற மிச்ச பதினோரு ஸ்பூன்லயும் அந்த எழுத்து நல்லாவே தெரியுது, சம்பந்தி."