காது எப்படிங்க டாக்டர்?

“காதுல கொய்யின்னு சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா டாக்டர்?”

ஊசியை உருவிவிட்டு, பஞ்சை வைத்துத் தேய்த்தபடியே நர்ஸ் கனகம் கேட்டாள். அந்தக் குரலில் கவலை துளியும் இல்லை. ‘ஆமாம்’ என்று சொல்லித் தொலைக்கமாட்டாரா என்ற ஆசைதான் இருந்தது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த டாக்டர் பாலகோபால், “இல்லம்மா” என்றார். பொய். ஒவ்வொரு ஊசிக்கும் இதே கேள்வி. அவள் கேட்க ஆரம்பித்ததிலிருந்தே இரண்டு காதிலும் மில் ஓடுவதுபோல் இரைச்சல்.

வெளியே சொல்லவும் வழியில்லை. சிறுநீரில் கிருமி என்று இந்த ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்த அன்று, பெரிய டாக்டர் தயங்கத்தான் செய்தார். “ஜென்டாமைசின் ஊசிக்குக் கேக்கும். ஆனா இந்த வயசுல காதுக்கு ஆகாதுங்களே.”

பாலகோபாலுக்கு வாய் சும்மா இருந்தால்தானே! வார்டே கேட்கும்படி சிரித்தார். “கணபதி ஏரியாவுல என் கிளினிக்குல பச்சக் கொழந்தைக்கெல்லாம் அதத்தான் போட்டேன். ஒருத்தர் காதும் போகல. தைரியமா எழுதுங்க!”

அப்போது கனகமும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாள் காலை, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மருந்துப் பொடியில் தண்ணீரை விட்டு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே அவள் பேச ஆரம்பித்தாள்.

“கிருபான்னு எனக்கொரு பொண்ணுங்க. காய்ச்சலுக்கு முந்தி கூப்பிட்டாத் திரும்பிப் பாத்துச் சிரிக்கும். நீங்க ஊசி போட்டீங்க. காய்ச்சலும் போச்சு, காதும் போச்சு. ‘தாய்மாமனக் கட்டுனா இப்பிடித்தான்’னு எம் புருசங்கிட்டச் சொன்னீங்க. வயித்துல இருந்த ரெண்டாவதையும் கலைக்கச் சொன்னீங்க. அவரும் கலைக்க வெச்சுப்போட்டு, என்னைக் கொண்டாந்து எங்கப்பன் ஊட்டுல உட்டுப்போட்டுப் போயிட்டாருங்க.”

பாலகோபால் திடுக்கிட்டுத் திரும்ப முயன்றார். அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

“அசையாதீங்க, ஊசி முறிஞ்சுபோகும். அது என்ன மருந்துன்னு தெரிஞ்சுக்கறதுக்குன்னே நர்சுக்குப் படிச்சேனுங்க. உள்காதுல முடியாட்டம் செல்லு இருக்குதாமா. ஒருக்காச் செத்தா மறுபடி மொளைக்காதாமா. உங்களுக்குத் தெரியாததுங்களா?”

ஊசி இறங்கியது.

“உனக்கு என்னம்மா வேணும்?”

“எஸ்.டி.டி. பூத்துல இருந்து வெள்ளகோவிலுக்குப் போன் பண்ணியிருக்கேனுங்க. சாயங்காலம் எம் புருசன் வருவாரு. அவருகிட்ட நெசத்தச் சொல்லுங்க. சொல்லலைன்னா, ராத்திரி அடுத்த ஊசி இருக்குதுங்க.”

மாலை அவள் கணவர் சுப்பையன் வந்து கட்டிலருகே நின்றார். வார்டு முழுக்கப் பார்வையாளர்கள். பெரிய டாக்டரும் பக்கத்துக் கட்டிலில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். மானமா காதா என்று பாலகோபால் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

“உங்க பொண்ணுக்குக் காது போனது நான் போட்ட ஜென்டாமைசினாலதாங்க. சொந்தத்துல கட்டுனதால இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும். கிளினிக் பேரு கெட்டுப்போகுமேன்னு பழியத் தூக்கி உங்க மேல போட்டுட்டேன்.” குரல் உடைந்து கத்தலானது. “போதும்! என் காதும் போகுது! இனி எனக்கு அந்த ஜென்டாமைசின் வேண்டாம்!”

சுப்பையன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கனகு...” என்றார். கனகம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பாலகோபாலின் வெளிறிய முகத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தது இதற்காகத்தான்.

பெரிய டாக்டர்தான் ஒன்றும் புரியாமல் அருகே வந்தார்.

“ஜென்டாமைசினா? அத நான் உங்களுக்கு எழுதவே இல்லீங்களே! இந்தம்மா கலக்கிப் போடறது வேற மருந்துங்க, அது காதத் தொடவே தொடாது!”