பஸ் வீட்டுக்கு ஏது கரண்ட்?

“கொக்கி போட்டுத்தான் சார் எடுக்கறான். இல்லாட்டி பஸ்ஸுக்குள்ள ஃபேன் எப்படி ஓடும்? ஃப்ரிட்ஜ் எப்படி ஓடும்?”

மூர்த்தி சொன்னதை அசோக்குமார் அப்படியே நம்பினார். ஓசூரை ஒட்டிய அந்த லேஅவுட்டின் சங்கச் செயலாளர் அவர். மூர்த்தி பொருளாளர். காலி மனையில் ஒரு பழைய கம்பெனி பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள்ளேயே ஒரு குடும்பம் சமையல், படுக்கை எல்லாம் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பார்க்கச் செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பஸ் ஸ்டாண்டுகிட்ட தார்ப்பாய் கடை வெச்சிருக்கான் சார். நல்ல வியாபாரம். வாடகையை மிச்சம் பிடிக்க இப்படி ஒரு வேலை.”

“மனைக்காரன் என்ன சொல்றான்?”

“அவன் பெங்களூருல இருக்கான். இருந்துட்டுப் போகட்டும்னுட்டானாம்.”

“அவன் சொன்னா ஆச்சா? அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்குது?”

கையோடு லைன்மேன் முனிராஜையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த நூருல்லா எழுந்து நின்றார். உள்ளே அவர் மனைவி காத்தூன் அடுப்பை அணைத்தாள். ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்த மகள் ஃபிசா புத்தகத்தை மூடினாள்.

“இங்க பாருங்க, கரண்ட் திருட்டுன்னா போலீஸ் கேஸு. மரியாதையா வண்டியை எடுத்துட்டுக் கெளம்பிடுங்க,” என்றார் அசோக்குமார்.

“திருட்டா? அய்யோ, அதெல்லாம் இல்லீங்க சார். பொண்ணு ப்ளஸ் டூ. ஸ்கூல் இங்கதான் பக்கத்துல. பரீட்சை முடியற வரைக்குமாவது இருக்க விடுங்க.”

“அதைத் திருடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

முனிராஜ் கரண்ட் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்க ஏணியில் ஏறி மேலே பார்த்துவிட்டு இறங்கினார். உள்ளேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சார், கொக்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல பூரா சோலார் பேனல். உள்ள பேட்டரி வெச்சிருக்காங்க. நம்ம லைனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

மூர்த்தி அவசரமாகத் தன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். அசோக்குமாருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் சங்கம் நடத்திப் பழகியவர் ஆயிற்றே, அசடு வழிவாரா? அடுத்த நொடியே முகமெல்லாம் சிரிப்பு.

“சோலாரா! அதை மொதல்லயே சொல்லக்கூடாதா பாய்?”

“நீங்க கேக்கலையே சார்.”

அது அவர் காதில் விழவில்லை. அவர் மனசு அதற்குள் வேறு பக்கம் ஓடிவிட்டது. பசுமைக் குடியிருப்பு என்று ஏதோ ஒரு கம்பெனி விருது கொடுக்கிறதாம். ஷீல்டு உண்டு, பேப்பரில் போட்டோ வரும். பசுமை என்று காட்ட அந்த லேஅவுட்டில் இருந்ததோ காய்ந்துபோன நாலு புங்கன் செடிகள்தான்.

“யார் என்ன சொன்னாலும் நீங்க இங்கயேதான் இருக்கணும் பாய். நான் இருக்கேன்!” என்று நூருல்லாவின் தோளில் கை போட்டார்.

காத்தூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கில் ஷாமியானா போட்டு விழா நடந்தது. முன்வரிசையில் விருது கொடுக்கும் கம்பெனி ஆட்கள். அசோக்குமார் மைக்கைப் பிடித்தார்.

“கட்டின வீடு வேணாம், கரண்ட் பில்லு வேணாம்னு உதறிட்டு, வெயிலை நம்பி வாழ வந்தவர் நம்ம நூருல்லா பாய்! இந்த லேஅவுட்ல ஜாதி, மதம் எதுவும் கெடையாது. எல்லாரும் நம்மாளுங்க! மனவாள்ளே! நம்மவரே!”

ஓசூர் மேடை அல்லவா? தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சொன்னால்தான் கைதட்டல் முழுதாக வரும். வந்தது. நூருல்லாவுக்குச் சால்வை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள்.

“இப்படி ஒரு யோசனை எப்படி பாய் வந்துச்சு? எல்லாருக்கும் சொல்லுங்க,” என்றார் அசோக்குமார்.

“யோசனையெல்லாம் இல்லீங்க சார். வாடகைக்கு வீடு கெடைக்கல. அதான்.”

“கெடைக்கலையா? எங்க பார்த்தாலும் டூ லெட் போர்டு தொங்குதே!”

“தொங்குது சார். பேரைச் சொன்னதும், ‘நேத்துதான் ஆள் வந்துட்டாங்க’ன்னு சொல்லிடறாங்க. வெயில் ஒண்ணுதான் பேரைக் கேக்காம வந்துச்சு.”

கூட்டம் பலமாகக் கைதட்டியது. அசோக்குமாருக்கு நெஞ்சு கொதித்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கொதித்தது.

“அக்கிரமம்! இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மனுஷனா? யாரு பாய் அது? இப்பவே சங்கத்துல நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கறேன்!”

“வேணாம் சார், விடுங்க.” நூருல்லா ஃபிசாவைப் பார்த்தார். பரீட்சை இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை.

“எதுக்குப் பயப்படறீங்க? நான் இருக்கேன். தைரியமா சொல்லுங்க!”

நூருல்லா மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். ஸ்பீக்கர் விடவில்லை.

“நீங்கதான் சார். உங்க மாடி வீட்டுக்கு ஃபோன் பண்ணேன். நான் தெலுங்குல பேசினதும், ‘மனவாள்ளே’ன்னு சந்தோஷமா சாவி வாங்க வரச் சொன்னீங்க. பேரைச் சொன்னேன், லைனைக் கட் பண்ணிட்டீங்க.”