சம்பந்திகள் இறங்கிய கடல்

மடத்துவெளிக் கடல் இந்தக் காலையில் அலையில்லாமல் கிடக்கிறது. கரையொதுங்கிய சாதாளைப் பாசியின் மணம் காற்றில் நிற்கிறது. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. நாளைக்குக் கல்யாணம். சுவிஸிலிருந்து வந்திருக்கும் பரமலிங்கம், மணப்பெண்ணின் தகப்பன், கடலில் குளிக்க வந்து, மணலில் அமர்ந்து காற்சட்டையைச் சுருட்டி, பொய்க்காலின் பட்டியைக் கழற்றுகிறார். மாப்பிள்ளையின் தகப்பன் சிவக்கொழுந்து சாரத்தை மடித்துக் கட்டியபடி பக்கத்தில் நிற்கிறார். சம்பந்திக்கு ஒரு கால் இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. பரமலிங்கம் அவசரமாகத் துவாயை எடுத்துப் பொய்க்காலை மூடுகிறார்.

“முதலே சொல்லியிருக்கோணும் அண்ணை. நாளைக்கு மணவறையில எனக்குச் சப்பாணி கட்டி இருக்க ஏலாது. சனம் என்ன சொல்லுமோ எண்டு ஒரே யோசனை.”

குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கமிருந்து வள்ளமொன்றின் இரைச்சல் வந்து தேய்கிறது. சிவக்கொழுந்து குனிந்து கையை நீட்டுகிறார்.

“இருக்கிறதுக்கு ரெண்டு கதிரை போடச் சொல்லுவம். மற்றதில நான் இருக்கிறன்.”

“உங்கட காலுக்கு என்ன?”

“ஒண்டுமில்லை. சம்பந்தியள் ஒரே உயரத்தில இருந்தால்தானே வடிவு? எழும்புங்கோ.”

தோளில் கைபோட்டு இருவரும் மெல்ல இறங்குகிறார்கள். பரமலிங்கத்தின் விரல்கள் சிவக்கொழுந்தின் தோளில் அழுந்திப் பதிந்திருக்கின்றன. தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும், “இனி விடுங்கோ அண்ணை” என்கிறார். சிவக்கொழுந்து தயங்கித் தயங்கிப் பிடியை விடுகிறார். பரமலிங்கம் மல்லாந்து, கைகளை விரித்து மிதக்கிறார். இரண்டு காதுகளும் தண்ணீருக்குள் இருப்பதால், தான் எவ்வளவு உரத்துச் சிரிக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை.